நீலகிரியில் மூன்று இரவு: ஓட்டலா, காட்டேஜா, குடும்பம் நடத்தும் விடுதியா?

வரும் மே மாதம் என் தங்கை குடும்பம் நீலகிரி போகிறது. தங்கை, மாப்பிள்ளை, பிள்ளைகள் இரண்டு பேர், மாப்பிள்ளையின் அப்பா, அம்மா என்று மொத்தம் ஆறு பேர். அத்தைக்கு மூட்டுவலி, குளிர் கூடினால் இளைப்பும் வரும். மூன்று இரவு தங்கல், டிரைவரோடு ஒரு வாடகை வண்டி. "எங்கே தங்கறதுன்னு மட்டும் நீ சொல்லிடுண்ணா, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றாள் தங்கை. அந்த 'மட்டும்' சாதாரண விஷயம் இல்லை. மலையில் தங்கும் இடம் சரியாக அமைந்துவிட்டால் பாதிப் பயணம் தானாக நடக்கும். அமையாவிட்டால் மூன்று நாளும் வண்டிக்குள்ளேயே போய்விடும்.

மூன்றையும் பார்த்தவன் நான். 2016 மே மாதம் ஊட்டி நடுவில் ஒரு பெரிய ஓட்டலில் தங்கினோம். 2019 டிசம்பரில் ஒரு தனி காட்டேஜை எடுத்தோம். அப்புறம் 2023-லும் போன வருடமும் கோத்தகிரியில் ஒரு குடும்பம் நடத்தும் விடுதிக்குப் போனோம். தங்கைக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம்.

முதலில், மலையின் கணக்கு காலையில்தான் தொடங்குகிறது. தொட்டபெட்டா 2637 மீட்டர் உயரம், நீலகிரியின் உச்சி. கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடா ஊரும் தெரியும். இரண்டையும் காலை ஒன்பது மணிக்குள் பார்க்கிறவருக்குக் கிடைப்பது வேறு, பதினோரு மணிக்குப் போகிறவருக்குக் கிடைப்பது வேறு. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் மேலே எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். டிக்கெட் எடுத்து ஏறி வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துத் திரும்புகிற கூட்டத்தை அங்கே தினமும் காணலாம். ஆகையால் எந்த விடுதியைப் பற்றியும் நான் கேட்கும் முதல் கேள்வி, காலை ஏழு மணிக்கு அங்கிருந்து எங்கே போய்ச் சேர முடியும் என்பதுதான்.

ஊட்டி ஓட்டலில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. அறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. லிஃப்ட், ஜெனரேட்டர், எப்போது திறந்தாலும் வெந்நீர், இரவு பன்னிரண்டு மணிக்குக் கேட்டாலும் டீ. ஆனால் காலை உணவு ஏழரைக்குத்தான். ஆறு பேர் சாப்பிட்டுக் கிளம்பினால் மணி ஒன்பது தாண்டிவிடும். அதற்குள் சேரிங் கிராஸ் பக்கம் வண்டிகள் அடைத்து நிற்கும். வரவேற்பில் கேட்டால், தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, டீ ஃபேக்டரி என்று எல்லோருக்கும் கொடுக்கிற அதே அச்சடித்த தாளை நீட்டினார்கள். அன்று காலை மேகம் எப்படி இருக்கிறது, எந்தப் பாதையில் நெரிசல் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அவர்கள் மேல் தப்பும் இல்லை. சீசனில் எழுபது எண்பது அறையை நிரப்பிக் காலிசெய்து மறுபடி நிரப்புகிறவர்களுக்கு நம் மேகத்தைப் பார்க்க நேரம் எங்கே இருக்கும்?

ஆனாலும் ஊட்டி ஓட்டலை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும் மே மாத மலர்க் கண்காட்சியும்தான் உங்கள் ஆசை என்றால், பூங்காவுக்கு நடந்து போகிற தூரத்தில் தங்குவதே நல்லது. வீட்டில் இதய நோயாளியோ, சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரோ இருந்தால் யோசிக்காமல் ஊட்டி என்று சொல்வேன். 2025 ஏப்ரலில் அங்கே 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். ராத்திரி ஒரு மணிக்கு மலைப்பாதையில் இருபது முப்பது கிலோமீட்டர் நோயாளியோடு போவது வேண்டாத சோதனை. அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் ஊட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறேன்.

காட்டேஜ் கதை வேறு. முழு வீடும் நமக்கே. மூன்று படுக்கையறை, சமையலறை, முன்னால் புல்வெளி. படத்தில் பார்த்து எல்லோரும் மயங்கினோம். பத்துப் பேர் கொண்ட நண்பர் கூட்டத்துக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது என்பதும் உண்மை. ஆனால் வயதானவர்களோடு போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். சாவி ஒரு கேர்டேக்கர் கையில் இருக்கும். எங்களுக்கு வாய்த்தவர் நல்ல மனிதர், ஆனால் மாலை ஆறரைக்கு அவர் தன் வீட்டுக்குப் போயாக வேண்டும். அன்று இரவு பத்தரைக்குக் கரண்ட் போனது. கீசர் இல்லை, ஹீட்டர் இல்லை. வெளியே உறைபனிக் காலத்துக் குளிர். உரிமையாளருக்குப் போன் போட்டால் "கேர்டேக்கரைக் கூப்பிடுங்க" என்றார். கேர்டேக்கர் வீட்டில் டவர் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு இருந்த கம்பளியையெல்லாம் போர்த்திவிட்டு, கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி பாட்டில்களில் ஊற்றிக் கால்மாட்டில் வைத்தோம். விடிகிற வரை நான் தூங்கவே இல்லை. அன்று குளிரை விட, கூப்பிட ஒரு ஆள் இல்லை என்பதே என்னை அதிகமாக வாட்டியது.

அந்த இரவுக்குப் பிறகுதான் விடுதியின் வசதிப் பட்டியலை விட, அங்கே யார் தூங்குகிறார்கள் என்பதைப் பார்க்க ஆரம்பித்தேன்.

குடும்பம் நடத்தும் விடுதி என்று நான் சொல்வது, உரிமையாளர் குடும்பம் அதே வளாகத்தில் குடியிருந்து, நான்கைந்து அறைகளை வாடகைக்கு விட்டு, தங்கள் சமையலறையிலேயே விருந்தினருக்கும் சமைக்கிற இடம். கோத்தகிரியில் நாங்கள் தங்கியது அப்படிப்பட்ட ஒரு படுகர் குடும்பத்தின் வீடு. மாடியில் மூன்று அறை, கீழே இரண்டு. சுற்றிலும் அவர்களுடைய சின்னத் தேயிலைத் தோட்டம். முதல் நாள் சாயங்காலம் போய் இறங்கியதும் வீட்டுக்கார அம்மா என் அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டு, நாங்கள் பதிவு செய்திருந்த மாடி அறையை மாற்றிக் கீழ் அறையைத் திறந்துவிட்டார். கேட்கவே இல்லை, பார்த்ததும் புரிந்துகொண்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு அவரைக்காயும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, சூடான சோறு, ரசம். சாப்பிட்டு முடிக்கும்போதே அவர் சொன்னார்: "அம்மா, நாளைக்கு வானம் தெளிவா இருக்கும்போல. கோடநாட்டுக்கு ஏழு மணிக்கெல்லாம் போயிடுங்க. பத்துக்கு மேல மூடிடும். இட்லி கட்டித் தந்துடறேன், வந்து அப்புறம் நிதானமா குளிச்சுக்கலாம்."

அப்படியே போனோம். கோத்தகிரியிலிருந்து கோடநாடு ஏறக்குறைய 18 கிலோமீட்டர். வழி முழுக்கத் தேயிலை. காட்சிமுனையில் எங்களைத் தவிர இன்னொரு குடும்பம் மட்டுமே இருந்தது. கீழே மோயாறு ஒரு நூலிழைபோல் மின்னிக்கொண்டிருந்தது. அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அரை மணி நேரம் பேசாமல் நின்றார். 2016-ல் மூன்று நாள் ஊட்டியைச் சுற்றியும் இப்படி ஒரு அரை மணி நேரத்தை அவருக்கு நான் காட்டவில்லை என்று அப்போது உறைத்தது.

குடும்பம் நடத்தும் விடுதி என்றாலே வீட்டுச் சாப்பாட்டையும் அன்பையும்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, நானும் ரசித்துச் சாப்பிட்டேன். ஆனால் அதற்காக மட்டும் நான் அங்கே போகவில்லை. நல்ல சாப்பாடு ஓட்டலிலும் கிடைக்கும். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர் நம் அன்றைய நாளைத் திட்டமிட்டுத் தருகிறார் பாருங்கள், அதற்குத்தான் நான் காசு கொடுக்கிறேன். இரண்டாவது நாள் மழைத் தூறல். கேத்தரின் அருவிக்குப் போக வேண்டாம், வழுக்கும் என்று தடுத்தவர், பக்கத்தில் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களாவுக்கு அனுப்பினார். கோவை ஆட்சியராக இருந்த சல்லிவன் ஊட்டியை உருவாக்கும் முன்பு மலையில் முதலில் வீடு கட்டியது அங்கேதான். இன்று அது அருங்காட்சியகம். என் மகன் அதைப் பற்றி இன்னும் பேசுகிறான். லாங்வுட் சோலையைப் பற்றியும் அவர் சொல்லித்தான் தெரியும். கோத்தகிரி ஊரை ஒட்டியே 116 ஹெக்டேரில் நிற்கிற பழைய சோலைக்காடு, 2024-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. சுற்றியுள்ள பல ஊர்களுக்கு அங்கிருந்துதான் தண்ணீர். வனத்துறை அனுமதியோடு போக வேண்டிய இடம்.

விலங்குகள் விஷயத்திலும் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்பது நல்லது. கோத்தகிரியில் கரடி வரும், குன்னூரில் காட்டெருமை தெருவிலேயே நடக்கும். இருட்டிய பிறகு பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், மிச்சச் சாப்பாட்டை வாசலில் வைக்காதீர்கள் என்று எங்கள் வீட்டுக்காரர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

இதற்கு நேர் எதிரான 'ஹோம்ஸ்டே'களும் உண்டு. ராத்திரி கேம்ப்ஃபயர், காட்டுக்குள் ஜீப் சவாரி என்று விளம்பரம் செய்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். மசினகுடி, மோயாறு வட்டாரத்தில் யானை வழித்தடத்தை மறித்துக் கட்டிய விடுதிகள் மீதான வழக்கில், 2020-ல் உச்ச நீதிமன்றம் வழித்தடத்தை உறுதிசெய்து தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில் அதே வட்டாரத்தில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரிகிற பொருளை வீசி, அது காயத்தோடு செத்துப்போனதை நாடே பார்த்தது. நாம் கட்டுகிற வாடகை எந்த மாதிரி இடத்துக்குப் போகிறது என்று கேட்கும் பொறுப்பு நமக்கும் இருக்கிறது. உரிமம் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். முறையாக நடத்துகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொரு சிக்கல், பெயர்ப்பலகையில் ஹோம்ஸ்டே என்று இருப்பதெல்லாம் குடும்பம் நடத்துவது இல்லை. யாரோ கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒரு மேனேஜரைப் போட்டிருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். போன் செய்து "இப்போ அங்கே மழையா, வெயிலா?" என்று கேட்பேன். அங்கேயே இருப்பவர் உடனே ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிடுவார். இல்லாதவர் பொதுவாக "க்ளைமேட் சூப்பர் சார்" என்பார். அடுத்து, "ராத்திரி ஏதாவது வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவது?" அதற்கு "நாங்க இங்கேயேதான் இருக்கோம், கதவைத் தட்டுங்க" என்ற பதில் வந்தால் போதும்.

எந்த ஊர் என்பதை மாதத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஊட்டி 2240 மீட்டர், குன்னூரும் கோத்தகிரியும் அதைவிட ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்வு. அதனால் இரண்டு மூன்று டிகிரி வெப்பம் கூடுதலாக இருக்கும். இளைப்பு உள்ளவர்களுக்கு அந்த இரண்டு டிகிரி பெரிய விஷயம். தென்மேற்குப் பருவமழை அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, தொட்டபெட்டா தொடர் மறைத்துக்கொள்வதால் கோத்தகிரிப் பக்கம் மழை குறைவு. மேற்கே அவலாஞ்சியிலோ 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அக்டோபர், நவம்பரில் இது தலைகீழாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பாதைகளில் மண் சரியும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த இரண்டு மாதம் எந்த விடுதியானாலும் போக வேண்டாம் என்பதே என் கருத்து. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனியைப் பார்க்க ஆசைப்பட்டால் ஊட்டிப் பக்கம்தான் தங்க வேண்டும்.

மலை ரயிலில் ஏற நினைப்பவர்கள் குன்னூரில் தங்குவதையும் யோசிக்கலாம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் ரயில் ஊட்டிக்கு நண்பகலில் போய்ச் சேரும். 46 கிலோமீட்டர் பாதையில் பல்சக்கரத் தண்டவாளம், நீராவி எஞ்சின், அடர்ந்த காடு எல்லாம் கல்லாறிலிருந்து குன்னூருக்குள் முடிந்துவிடும். சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் குன்னூரிலேயே இறங்கிக்கொண்டால் அலுப்பும் குறையும், ரயிலின் அழகான பகுதியும் விட்டுப்போகாது. அங்கேயும் பழைய பங்களாக்களில் குடும்பங்கள் நடத்தும் விடுதிகள் உண்டு. வாடகை கோத்தகிரியை விடக் கொஞ்சம் கூடுதல்.

பணத்தைப் பொறுத்தவரை, குடும்ப விடுதி என்றால் மலிவு என்று நினைத்துப் போக வேண்டாம். போன வருடம் நாங்கள் ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 3,200 ரூபாய் கொடுத்தோம், காலை உணவோடு. ஊட்டியில் அதே காசுக்குச் சுமாரான லாட்ஜ் அறை கிடைத்திருக்கும். மிச்சமாவது மற்ற செலவுகளில்தான். இரவுச் சாப்பாட்டுக்கு வண்டி எடுத்து அலைய வேண்டியதில்லை, தண்ணீருக்கும் தனிச் செலவில்லை. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், தினமும் காலையில் எங்கள் எவர்சில்வர் பாட்டில்களைக் காய்ச்சி ஆறிய தண்ணீரால் நிரப்பித் தந்தார்கள். பெரிய ஓட்டலில் வரியையும் பாருங்கள். இரவு வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18-க்குத் தாவிவிடும்.

சரி, குடும்ப விடுதியில் குறை இல்லையா? இருக்கிறது. இரவு ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் காலையிலேயே சொல்ல வேண்டும், நினைத்த நேரத்தில் பிரியாணி கேட்க முடியாது. பிள்ளைகள் சத்தம் போட்டு ஓடினால் பக்கத்து அறைக்கும் வீட்டுக்காரருக்கும் கேட்கும். வீட்டுப் பெரியவர் முன்னறையில் உட்கார்ந்திருக்கும்போது சும்மா கடந்து போக முடியாது, நான்கு வார்த்தை பேசத்தான் வேண்டும். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கும், தனிமை தேடி வருகிறவர்களுக்கும் இது தொந்தரவாகவே இருக்கும். அவர்கள் ஓட்டலுக்கோ காட்டேஜுக்கோ போவதுதான் சரி. குளியலறைகளும் பழைய பாணியில் இருக்கலாம். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, வாசலிலிருந்து அறைக்கு எத்தனை படி என்பதை முதலிலேயே கேட்டு, படம் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

டிரைவரை மறந்துவிட வேண்டாம். 2016-ல் எங்கள் டிரைவர் மூன்று இரவும் வண்டிக்குள்ளேயே படுத்திருந்தார் என்பது எனக்குக் கடைசி நாளில்தான் தெரிந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கோத்தகிரியில் அவருக்குப் பின்பக்கம் ஒரு அறையும் கம்பளியும் கொடுத்து, எங்களுக்குப் போட்ட அதே சாப்பாட்டைப் போட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் நம் ஆறு உயிரும் அவர் கையில்தான். அவர் தூங்கினாரா என்பதைப் பார்ப்பது நம் வேலை.

தங்கைக்கு நான் சொன்னது கோத்தகிரிதான், அதே வீடுதான். போன வாரம் அவளே போன் செய்து பேசினாள். மலை ஏறுகிற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதி, கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 சீசனில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அதனால் ஞாயிறு மாலை ஏறி, புதன்கிழமை இறங்குகிற மாதிரி நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னாராம் வீட்டுக்கார அம்மா. கோத்தகிரிக்குத்தானே போகிறோம், மேட்டுப்பாளையத்திலிருந்து நேராகக் குஞ்சப்பனை வழியாக ஏறிவிடலாம் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதற்கு அந்த அம்மா சொன்ன பதிலைத் தங்கை எனக்கு அப்படியே ஒப்பித்தாள்: "சீசன்ல ஏறுற வண்டியைக் குன்னூர் வழியாத்தான் விடுவாங்க, இறங்கறதுதான் எங்க ரோடு. அதனால மதியமே கிளம்பி வந்து, சிம்ஸ் பூங்காவைப் பார்த்துட்டு இங்க வந்துடுங்க. அத்தைக்குக் கீழ் ரூம் எடுத்து வெச்சிருக்கேன். டிரைவர் சைவமா அசைவமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."